மலையகத்தின் பெயர்ப் பட்டியலுக்கு யார் காவல்?

காலாவதியான விண்டோஸ், கடவுச்சொல் இல்லாத ஃபோல்டர், கைக்குக் கை மாறும் பென் டிரைவ்: தோட்ட ஆபீஸ் முதல் ஹட்டன் கடைத்தெரு வரை மேசைக் கணினிகளைச் சூழ்ந்துள்ள ஆபத்து குறித்து ஒரு சிறப்புப் பார்வை

2025 ஒக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்து வருடம் ஓடிய இயங்குதளம் அது. மறுநாள் காலையிலும் தோட்டத்து ஆபீஸ்களில் கணினிகள் வழக்கம்போலத்தான் திறந்தன. தொழிலாளரின் வருகைப் பட்டியலான செக்ரோல் பதியப்பட்டது, கொழுந்துக் கணக்கு ஏறியது, சம்பளச் சீட்டு அச்சானது. எதுவும் நின்றுபோகவில்லை. நின்றுபோகாததால் யாரும் கவலைப்படவும் இல்லை.

கவலைப்பட வேண்டிய இடமே அதுதான். ஆதரவு முடிந்த இயங்குதளம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலை மட்டும் நின்றுபோகும். அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று தயாரித்தவருக்குத் தெரியும், சில நாட்களில் திருடனுக்கும் தெரிந்துவிடும். கணினியின் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மட்டும் தெரியாது.

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை என்று இலங்கையின் மலைநாடு முழுவதும் தோட்ட ஆபீஸ்களிலும் பாடசாலைகளிலும் கொமினிகேஷன் கடைகளிலும் இப்படிப்பட்ட மேசைக் கணினிகள் இருக்கின்றன. அவற்றின் பாதுகாப்பைக் கம்ப்யூட்டர் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் இதுவரை விட்டுவிட்டோம். இனியும் அப்படி விடலாகாது. தோட்ட ஆபீஸ் கணினியின் பாதுகாப்பு என்பது, அந்தக் கணினியைத் தொட்டே பார்த்திராத தொழிலாளியின் உரிமை. அதை உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பெட்டிக்குள் இருப்பவர்கள்

காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் விழுகிறது. மலைக்குப் போனவர்களின் கொழுந்து நிறுக்கப்பட்டு, அன்றைய கணக்கு ஆபீசுக்கு வருகிறது. ஒரு காலத்தில் அது தடித்த மட்டை போட்ட பெரிய புத்தகத்தில், கிளாக்கரின் கையெழுத்தில் ஏறியது. 1992 இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, அந்தப் புத்தகம் படிப்படியாகக் கணினிக்குள் போனது. வெளியே கொழும்புத் தேயிலை ஏலம்கூட 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது முழுமையாக இணையத்துக்கு மாறிவிட்டது. கொழுந்து பறிப்பதுதான் இன்னும் பெரும்பாலும் கையால். அதற்குப் பின்னால் நடக்கும் கணக்கு வழக்கெல்லாம் திரையில்தான்.

அந்தக் கணக்குக் கோப்புகளில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழிலாளியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு, எத்தனை நாள் பேர் போட்டது, முற்பணம் எவ்வளவு, கடன் பிடித்தம் எவ்வளவு. எந்தச் சங்கத்துக்குச் சந்தா போகிறது என்பதும் அதில் உண்டு. சம்பளத்தில் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், தோட்டத்திடமிருந்து 12 வீதம் என்று ஊழியர் சேமலாப நிதிக்குச் சேரும் காசுக்கும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குப் போகும் 3 வீதத்துக்கும் ஆதாரம் இந்தப் பதிவுதான். வயதான காலத்தில் அந்தக் காசை எடுக்கப் போகும்போது, பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடப் படும் அலைச்சல் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுத்து மாறியதற்கே அந்தப் பாடு என்றால், பதிவே அழிந்துபோனால் என்ன ஆகும்?

பதிவு இல்லாமல் போவதன் வலியை மலையகத் தமிழரைவிட அறிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ பாட்டனோ இந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களிடம் அந்தத் தாள் இல்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் நாடற்றவரானார்கள். 1964 இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது. மிச்சமிருந்தவர்களின் கதை சட்டப்படி முடிய 2003 வரை, 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு காகிதத்துக்காக ஐம்பத்தைந்து வருடம் அலைந்த சமூகம், இன்றைய காகிதமான கணினிக் கோப்பைக் காவலில்லாமல் விடக்கூடாது.

ஐம்பத்தொன்பது நாள் இருந்தது

வலையமைப்பு வழியாக ஒரு மேசைக் கணினிக்கு ஆபத்து எப்படி வருகிறது? உலகம் பார்த்த ஒரு சம்பவமே அதைத் தெளிவாகக் காட்டும்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வன்னாக்ரை என்ற கப்பத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. கோப்புகளைத் திறக்க வேண்டுமானால் 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கொடு, தாமதித்தால் 600 என்று திரையில் அறிவித்தல் வந்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 மருத்துவ நிர்வாகப் பிரிவுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 நோயாளர்களின் சந்திப்புகள் இரத்தாகின என்று பிற்பாடு மதிப்பிடப்பட்டது. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளம் ஆய்வாளர், அந்தத் தீநிரல் தேடிய ஓர் இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்ததால்தான் பரவல் தணிந்தது.

இதில் யாரும் மின்னஞ்சலைத் திறந்து ஏமாற வேண்டிய தேவையே இருக்கவில்லை. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்பையும் பிரின்டரையும் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. 445 என்ற இலக்கமுள்ள இணைப்பு வழியில் ஒவ்வொரு கணினியும் மற்றக் கணினியின் அழைப்புக்காகக் காத்திருக்கும். அந்த முறையின் பழைய வடிவத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் அதைக் கண்டுபிடித்துத் தன் தேவைக்கு வைத்திருந்தது. அதைப் பயன்படுத்தும் கருவி 2017 ஏப்ரலில் வெளியே கசிந்தது. அதைக் கையில் எடுத்தவர்கள், ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அங்கிருந்தே பக்கத்துக் கணினிகளைத் தானாகத் தேடிப் பிடிக்கும் புழுவாக அதை மாற்றினார்கள்.

மைக்ரோசொஃப்ட் அந்த ஓட்டைக்கான திருத்தத்தை 2017 மார்ச் 14 ஆம் திகதியே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது 59 நாள் கழித்து. அந்த இடைவெளியில் அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள்தான் அகப்பட்டன என்று பலரும் இன்னும் நினைக்கிறார்கள். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கஸ்பர்ஸ்கி கணக்கெடுத்தபோது பாதிக்கப்பட்டவற்றில் 98 வீதம் அளவு விண்டோஸ் 7. அன்றைக்கு அதற்குப் பாதுகாப்பு ஆதரவு இருந்தது, திருத்தமும் கையில் கிடைத்தது. போடாமல் விட்டதுதான் வினையானது.

இப்போது விண்டோஸ் 10 நிற்கும் இடத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அடுத்த ஓட்டை வெளியே வரும்போது, மேலதிக ஆதரவு பெறாத கணினிகளுக்கு 59 நாள் அவகாசம்கூட இருக்காது. அவற்றுக்குத் திருத்தமே வராது.

லயத்தில் பற்றும் தீ

தோட்ட ஆபீஸ் ஒன்றின் வழக்கமான அமைப்பைப் பார்ப்போம். இரண்டு மூன்று கணினி, ஒரு பிரின்டர், ஒரு ரவுட்டர். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இன்னொரு கணினி. தோட்டத்தை நடத்தும் துரையின் மடிக்கணினியும் கிளாக்கர்மாரின் கைப்பேசிகளும் அதே வைஃபையில்தான். செக்ரோல் ஃபோல்டரை எல்லோரும் எடுக்க வசதியாகக் கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம்.

லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. சுவர் பொது, கூரை பொது. ஒரு வீட்டில் பற்றினால் வரிசை முழுவதும் வெந்துபோகும். எல்லாக் கணினியும் ஒரே வலையமைப்பில், இடையில் தடுப்பே இல்லாமல் இணைந்திருக்கும் ஆபீசின் நிலைமையும் அதேதான். ஒரு கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ நுழைந்தது, செக்ரோல் வரை போகத் தடையேதும் இல்லை.

விண்டோஸிலேயே ஒரு தடுப்பு இருக்கிறது. புதிதாக ஒரு வைஃபையில் இணைத்தால், அந்த வலையமைப்பு ‘பிரைவேட்’டா ‘பப்ளிக்’கா என்ற தெரிவு வருகிறது. பப்ளிக் என்று கொடுத்தால் ஃபயர்வோல் இறுக்கமாகி, மற்றக் கணினிகளின் கண்ணில் இந்தக் கணினி படாமல் போகும். பிரைவேட் என்று கொடுத்தால் பகிர்வு வழிகள் திறக்கும். பிரின்டர் வேலை செய்யவில்லை என்ற அவசரத்தில் யாரோ ஒருவர் பிரைவேட்டை அமுக்கிவிட்டுப் போயிருப்பார். பல இடங்களில் அதற்கும் ஒருபடி மேலே போய் ஃபயர்வோலையே நிறுத்தி வைத்திருப்பார்கள். எக்ஸ்பி காலத்தில், 2003 இல் பிளாஸ்டர் புழு உலகை ஆட்டிவைத்த பிறகு, 2004 இல் வந்த சேர்விஸ் பெக் 2 முதல் ஃபயர்வோலைத் தானாகவே இயங்கும்படி மைக்ரோசொஃப்ட் செய்தது. அப்படிக் கற்ற பாடத்தை ஒரு பிரின்டருக்காக நாம் கைவிடக்கூடாது.

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்கள் இன்னொரு வழி. சம்பள மென்பொருளில் கோளாறு வந்தால் கொழும்பிலிருந்து ஒருவர் எனிடெஸ்க் போன்ற ஒன்றின் மூலம் உள்ளே வந்து சரிசெய்வார். வேலை முடிந்த பிறகும் அது நிரந்தரக் கடவுச்சொல்லோடு ஓடிக்கொண்டிருக்கும். எனிடெஸ்க் நிறுவனத்தின் சேர்வர்களுக்குள்ளேயே ஆட்கள் புகுந்ததாக அந்த நிறுவனம் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. கருவி நல்லதுதான். ஆனால் தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறந்து, முடிந்ததும் மூட வேண்டும்.

‘பென்ன குத்துங்க தம்பி’

ஹட்டன் நகரத்துக் கொமினிகேஷன் கடைகளில் நாள் முழுவதும் கேட்கும் வார்த்தை இது. ‘பென்ன குத்துங்க தம்பி, ரெண்டு பிரின்ட் எடுக்கணும்.’ பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், வெளிநாட்டு வேலைக்கான ஆவணங்கள், பாமினி எழுத்துருவில் அடித்த சங்கக் கடிதம் எல்லாம் அந்த ஒரே கணினி வழியாகத்தான் போகின்றன. வீட்டில் கணினி இல்லாத ஊரில் இந்தக் கடைகள் செய்வது பெரிய சேவை. அந்தச் சேவையின் ஊடாகத்தான் தொற்றும் பரவுகிறது.

பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. அது எப்படி நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். முன்பு பென் டிரைவைக் குத்தியதுமே அதிலுள்ள நிரலை விண்டோஸ் தானாக ஓட்டும் வசதி இருந்தது. 2008 நவம்பரில் தலைகாட்டிய கொன்ஃபிக்கர் புழு அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. அதோடு நில்லாமல் எளிய கடவுச்சொற்களை ஊகித்துப் பகிர்வு ஃபோல்டர்களிலும், அப்டேட் போடாத கணினிகளின் ஓட்டை வழியாகவும் புகுந்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளைப் பிடித்தது. 2011 பெப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் அந்தத் தானியங்கி வசதியை மைக்ரோசொஃப்ட் மூடியது.

கதவு மூடப்பட்டதும் தீநிரல் எழுதுபவர்கள் நம் விரலையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். தொற்றிய கணினியில் பென் டிரைவைக் குத்தியதும், உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஷோர்ட்கட் வைக்கிறது. ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும்தான் வித்தியாசம். அளவைப் பார்த்தால் ஓரிரு கிலோபைட். இரண்டு தரம் அமுக்கினால் மறைந்திருக்கும் நிரலும் ஓடும், உண்மையான ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர் திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. அடுத்து அந்தக் கணினியில் குத்தப்படும் ஒவ்வொரு பென் டிரைவும் அதைச் சுமந்துகொண்டு போகும்: கடையிலிருந்து பாடசாலைக் கணினி அறைக்கு, பாடசாலையிலிருந்து வீட்டுக்கு, கிளாக்கரின் சட்டைப்பையில் தோட்ட ஆபீசுக்கு.

இணைய இணைப்பே இல்லாத கணினி பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இங்கே உடைந்துபோகிறது. கைகளால் கடத்தப்படும் பென் டிரைவும் ஒரு வலையமைப்புத்தான். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காத தோட்ட டிவிஷனுக்கும் அது போய்ச்சேரும்.

இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ்

நம் ஊர்க் கணினிகளில் பணம் கொடுத்து வாங்காத விண்டோஸ் நிறையவே உண்டு. அதற்குக் காரணம் வறுமையும் விலையும். 2022 இல் இரண்டே மாதத்தில் ரூபாவின் மதிப்பு டொலருக்கு 200 இலிருந்து 360 வரை சரிந்தபோது, கணினியின் விலையும் அதற்கேற்ப ஏறியது. புதுக் கணினி வாங்க எண்ணியிருந்த பாடசாலையும் கடையும் ஆபீசும் பழையதையே இழுத்துக்கொண்டு போயின. அவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் அதன் ஆபத்தைச் சொல்லாமல் விடவும் முடியாது.

திருட்டு விண்டோஸை இயங்கவைக்க ஒரு ‘கிரெக்’ நிரல் தேவை. அதை ஓட்டும் முன் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். கணினியின் முழு நிர்வாக அதிகாரத்தையும் கேட்பார்கள். முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு, காவலை நீக்கிவிட்டு, முழு அதிகாரத்தையும் கொடுக்கிறோம். வீட்டுப் பாவனையாளர்களைப் பல வருடங்களாகப் பாதித்துவரும் ஸ்டொப் என்ற கப்பத் தீநிரல் குடும்பம் பெரும்பாலும் இப்படி கிரெக் செய்த மென்பொருள்கள் வழியாகவே பரவியது. கல்யாணப் படங்களும் பிள்ளையின் பாடக் குறிப்புகளும் ஒரே இரவில் திறக்க முடியாத கோப்புகளாகிப்போன வீடுகள் எத்தனையோ. இத்தகைய கணினிகளில் அப்டேட் வந்தால் ‘கிரெக்’ போய்விடும் என்ற பயத்தில் அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். அங்கேதான் இரட்டை ஆபத்து.

அரசாங்கத்துக்கே நடந்தது

இதெல்லாம் சின்ன ஆபீஸ்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட் 26 இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதியைக் கப்பத் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. தொகுதியை மீட்க முடிந்தது. ஆனால் அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுக்குப் பிரதியே இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச மின்னஞ்சல்கள் அழிந்தன.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 இலேயே இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய நிர்வாகத் தீர்மானங்களாலும் தள்ளிப்போனதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் அப்போது சொன்னது. காலாவதியான மென்பொருள், எடுக்காத பிரதி, தள்ளிப்போட்ட செலவு. கொழும்பில் கண்ட இந்த மூன்றும் நம் தோட்ட ஆபீசிலும் அப்படியே இருக்கின்றன. கொழும்பில் அழிந்தவை மின்னஞ்சல்கள். தோட்டத்தில் அழிந்தால் போவது ஓர் ஆயுளின் உழைப்புக் கணக்கு.

‘எங்ககிட்ட என்ன இருக்கு?’

எவனோ எங்கிருந்தோ வந்து டிக்கோயாவில் உள்ள ஒரு கணினியைத் தேடிப்பிடிப்பானா என்ற கேள்வி நியாயமானது. யாரும் தேடிப்பிடிப்பதில்லை. இணையத்திலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. திறந்திருப்பது வங்கியா, பாடசாலையா, தோட்ட ஆபீசா என்று அவை பார்ப்பதில்லை.

பெரிய இடத்தை நோக்கிப் போகும் திருடனுக்கும் சின்னக் கவனக்குறைவுதான் வழி. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கிலிருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து 8 கோடி 10 இலட்சம் டொலரைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கை நோக்கி வந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் வங்கிகள் சந்தேகப்பட்டு நிறுத்தின. அந்த மத்திய வங்கியில் ஃபயர்வோல் இருக்கவில்லை, கணினிகளை இணைத்தது 10 டொலர் விலையுள்ள பழைய சுவிட்ச்கள் என்று விசாரணை நடத்திய பங்களாதேஷ் பொலிஸ் அதிகாரி அப்போது தெரிவித்தார். ஒரு நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கைக் காத்த இடத்திலேயே அந்த நிலை.

தோட்டத்துப் பட்டியலில் இருப்பது அத்தனை கோடியில்லை. ஆனால் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் முகவரியும் ஒன்றாகக் கிடைத்தால், அந்தப் பெயரில் மோசடி செய்ய அது போதும். எந்தத் தொழிலாளி எந்தச் சங்கத்தில் என்ற விபரம் வேண்டாத கைக்குப் போனால், அதன் விளைவும் சின்னதில்லை.

பழைய கணினியை என்ன செய்வது?

விண்டோஸ் 11 க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். மோட்டாக 2018 க்கு முந்திய கணினிகள் அதில் சேராது. நம் பாடசாலைகளிலும் ஆபீஸ்களிலும் அப்படிப்பட்டவை ஏராளம். எல்லாவற்றையும் தூக்கியெறிய முடியாது, எறியவும் வேண்டாம். மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, மேலதிக ஆதரவு. வீட்டுப் பாவனையாளர் மைக்ரோசொஃப்ட் கணக்கில் தன் அமைப்புகளைச் சேமித்து, அல்லது 30 டொலர் செலுத்தி, 2026 ஒக்டோபர் வரை திருத்தங்களைப் பெறலாம். நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டொலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு, மொத்தம் மூன்று வருடம். கல்வி உரிமம் உள்ள இடங்களுக்கு முதல் வருடம் 1 டொலர் மட்டுமே. கல்வி வலயங்களின் அதிகாரிகள் இந்த ஒரு டொலர் விஷயத்தை உடனே விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம், பழைய கணினியிலும் ஓடும், திருத்தங்கள் தவறாமல் வரும், தமிழும் உண்டு. இணையம், கடிதம், கணக்கு அட்டவணை, பாடம் படிப்பது இவற்றுக்குத் தாராளமாகப் போதும். லினக்ஸிலும் ஓட்டை வராமல் இல்லை. அடைக்கும் வேலை நிற்காது என்பதுதான் வித்தியாசம். க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சியும்கூட.

மூன்றாவது, ஒதுக்கி வைத்தல். செக்ரோல் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால், அந்தக் கணினியை இணையத்திலிருந்தும் வைஃபையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கென்று ஒரு தனிப் பென் டிரைவை வைத்து, வேறெங்கும் குத்தாமல் பாருங்கள்.

வைரஸ் காவல் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். விண்டோஸ் 10 இலுள்ள டிஃபென்டருக்கு 2028 வரை புதிய வைரஸ் விபரங்கள் வரும் என்பது உண்மைதான். அது தெரிந்த தீநிரலை அடையாளம் காட்டும். இயங்குதளத்தின் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

இந்தக் கிழமையே செய்யக்கூடியவை

1. செட்டிங்ஸில் எந்த விண்டோஸ், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். நிறுத்தி வைத்திருந்தால் திறந்துவிடுங்கள்.

2. அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். தவறி ஒன்றை அமுக்கினாலும் சேதம் குறையும்.

3. பகிர்வு ஃபோல்டருக்குக் கடவுச்சொல் போடுங்கள். எல்லோருக்கும் என்றிருப்பதை எடுத்து, தேவையான ஆளுக்கு மட்டும் கொடுங்கள்.

4. ஃபயர்வோல் ஓடுகிறதா என்று பாருங்கள். ரிமோட் டெஸ்க்டொப்பும் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளும் தேவையில்லாதபோது மூடியிருக்கட்டும்.

5. ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். விருந்தினரின் கைப்பேசிக்கு வேறு வைஃபை கொடுங்கள்.

6. வாரம் ஒருமுறை முக்கியக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, கழற்றி, இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். கணினியில் குத்தியபடியே இருக்கும் பிரதியையும் கப்பத் தீநிரல் பூட்டிவிடும். எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் இடைக்கிடை பாருங்கள்.

7. கொமினிகேஷன் கடைக்காரர்கள், வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளை அன்றைய மாலையே அழித்துவிடுங்கள். பென் டிரைவைத் திறக்குமுன் ஸ்கேன் செய்யுங்கள்.

8. கப்பம் கேட்டு அறிவித்தல் வந்தால் உடனே வலையமைப்பிலிருந்து கணினியைக் கழற்றுங்கள், பணம் அனுப்ப அவசரப்படாதீர்கள். 101 என்ற இலக்கத்தில் இலங்கை கணினி அவசர பதிலளிப்பு அணியை, ‘சேர்ட்’ என்று சொல்வார்களே அவர்களை, அழையுங்கள்.

யார் பொறுப்பு?

தோட்டத்து ஆபீசில் கணினியைப் பார்க்கும் கிளாக்கரைக் குறைசொல்லி இதை முடித்துவிடக் கூடாது. செக்ரோல், சேமலாப நிதிப் பத்திரம், தலைமையகத்துக்கு அனுப்பும் அறிக்கை எல்லாம் அவர் தலையில் இருக்கின்றன. பாதுகாப்புக்கென்று பயிற்சியும் பணமும் நேரமும் கொடுக்க வேண்டியது கம்பனி. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விபரங்களை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் அவற்றைப் பொருத்தமான தொழில்நுட்ப ஏற்பாடுகளோடு காக்க வேண்டும் என்கிறது. அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போயிருக்கிறது. சட்டம் தள்ளிப்போகலாம், கடமை தள்ளிப்போகாது. இன்னொருவர் கணினிக்குள் அத்துமீறிப் புகுபவரைத் தண்டிக்க 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆனால் திருடன் அகப்பட்டாலும் அழிந்த செக்ரோல் திரும்பி வராது.

மலையகத் தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காக, வீட்டுக்காக, காணிக்காகப் பேசிவருகின்றன. அந்தப் பேச்சு மேசையில் இந்த விஷயத்துக்கும் இடம் வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள். எங்கள் ஆட்களின் பதிவு இருக்கும் கணினியில் ஓடும் இயங்குதளத்துக்கு இன்னும் திருத்தம் வருகிறதா? அந்தப் பதிவின் கடைசிப் பிரதி எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, எங்கே இருக்கிறது? அதை யார் யார் திறக்க முடியும்?

இதற்குப் பதில் சொல்லப் பெரிய நிபுணர் தேவையில்லை, அரை மணி நேரம் போதும். ஆயிரம் பேர் வேலை செய்யும் தோட்டத்தில் ஒரு கணினிக்கு முதல் வருடம் 61 டொலர் என்பது, தலைக்கு ஏழு அமெரிக்கச் சதத்துக்கும் குறைவு. செலவு இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு கேள்வியைக் கேட்காமல் இருக்கக் காரணமே இல்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது தலைவர்மார் இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கொடுக்கட்டும், பதிலையும் எழுத்தில், திகதியோடு வாங்கட்டும்.